“எனக்கு வேண்டாம்” என்றால் உடைமை நீங்கிவிடுமா?

 

 

எமது வேங்கிக்கால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்றிதழ் என்று காகிதக் கட்டுகளுடன் மக்கள் வந்து போகும் இடம். அவர்களில் சிலர் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அதே கட்டுகளுடன் பள்ளிவாசலின் திண்ணைக்கும் வருவதுண்டு. அவ்வாறு ஒரு வெள்ளிக்கிழமை சகோதரர்கள் மூவர் வந்தனர். தந்தை வஃபாத்தாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. தாய் அவருக்கு முன்பே சென்றுவிட்டார். சற்றுத் தொலைவிலுள்ள கிராமத்தில் ஓட்டு வீடு ஒன்றும், பின்கட்டில் ஒரு கிணறும் உள்ளன. ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில், ஒருவர் இங்கே நகரத்தில். ஓடு சரிகிறது, வீட்டு வரி நிற்கிறது, பக்கத்து மனைக்காரர் எல்லைக் கல்லை நகர்த்துகிறார் என்ற மனக்குறை வேறு.

“ஹஜ்ரத்! அந்த வீடு எங்கள் யாருக்கும் வேண்டாம். பள்ளிக்கே எழுதிக் கொடுத்து விடுகிறோம். தலைவலியும் தீரும், நன்மையும் கிடைக்கும்” என்றனர்.

கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆயினும், வேண்டாத ஒரு சொத்திலிருந்து கையை உதறிக்கொள்வது அத்தனை எளிதா? இதற்கு நம் மார்க்க வரலாறு அளிக்கும் விடையை நாம் அனைவரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

உரிமையாளர் இல்லாத உடைமை

இஸ்லாத்திற்கு முந்திய அறியாமைக் காலத்தில் அரபிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. நேர்ச்சை நிறைவேறினால் ஒட்டகத்தைத் தெய்வங்களின் பெயரால் அவிழ்த்து விட்டுவிடுவர். அதன்மீது எவரும் ஏறக்கூடாது, சுமை ஏற்றக்கூடாது, அதற்குப் பொறுப்பாளரும் கிடையாது. இதற்கு ‘ஸாயிபா’ என்று பெயர். இவ்வழக்கத்தை முதலில் தொடங்கியவன் குஸாஆ குலத்தைச் சேர்ந்த அம்ரு என்பவன் என்றும், அவன் நரகில் வேதனை செய்யப்படுவதைத் தாம் கண்டதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. திருக்குர்ஆனின் அல்-மாயிதா அத்தியாயம் 103-ஆம் வசனம், இத்தகைய வழக்கங்களை அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என்று அறிவித்து, அவற்றை வேரறுத்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. அல்லாஹ் தந்த பொருளை எவருக்கும் பயனின்றி, எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் அவிழ்த்து விடுவது பக்தி ஆகாது.

இந்த அடிப்படையில் நின்றே நம் சட்ட மேதைகள் பேசினர். ஹிஜ்ரி 970-இல் (கி.பி. 1563) மறைந்த எகிப்திய ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) அவர்கள் தமது ‘அல்-அஷ்பாஹ் வந்நளாயிர்’ என்னும் நூலில் ஒரு சட்டத்தைப் பதிவு செய்துள்ளார்கள். ஒரு வாரிசுதாரர் தமது உரிமையை விட்டுவிட்டதாக வாயால் கூறினாலும் அவரது உரிமை அழிந்துவிடாது. ஏனெனில், உடைமை என்பது விட்டுவிடுவதால் மட்டும் நீங்குவதில்லை என்பதே அது. விற்றால் நீங்கும், ஹிபாவாகக் கொடுத்து மற்றவர் கைப்பற்றினால் நீங்கும், வக்ஃபு செய்தால் நீங்கும். வெறுமனே “வேண்டாம்” என்றால் நீங்காது. கோபத்திலோ வெட்கத்திலோ, அண்ணன் தம்பிகளின் முகத்திற்காகவோ “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போன சகோதரியின் பங்கு இன்றும் அவளுடையதே!

நாட்டுச் சட்டத்தின் நிலை வேறு வகையில் எச்சரிக்கை தருகிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக ஒருவர் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 12 ஆண்டுகள் ஒரு சொத்தை அனுபவித்து வந்தால், உரிமையாளர் அதனை மீட்கும் உரிமையை இழந்துவிட நேரிடும். ஆனால், நீதிமன்றத்தில் காலம் கடந்துவிட்டது என்பதற்காக அல்லாஹ்விடம் காலம் கடந்துவிடாது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக அபகரித்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்பது நபிமொழி. ஆகவே, சொத்தைக் கவனியாமல் விடுபவர் தமக்கு மட்டும் நட்டம் செய்வதில்லை. இன்னொருவரைப் பாவத்திற்கு அழைக்கும் வாசலையும் திறந்து வைக்கிறார்.

உமர் (ரளி) கேட்ட கேள்வி

பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நிலத்தைப் பற்றி இஸ்லாமிய வரலாற்றில் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. பிலால் பின் ஹாரிஸ் அல்-முஸனீ (ரளி) என்னும் தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த அகீக் பள்ளத்தாக்கின் நிலத்தை வழங்கியிருந்தார்கள். நிலமோ மிகப் பரந்தது. உமர் (ரளி) அவர்கள் கலீஃபாவானபோது அதன் பெரும்பகுதி பயிரிடப்படாமல் கிடந்தது. பிலாலை அழைத்து, இந்த நிலம் உங்களுக்கு வழங்கப்பட்டது மக்களை விட்டு அடைத்து வைப்பதற்காக அன்று, உழைப்பதற்காகவே. உங்களால் இயன்ற அளவை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். திரும்பப் பெற்ற நிலத்தை முஸ்லிம்களுக்குப் பங்கிட்டார்கள். அபூஉபைத் (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் அம்வால்’ இதனைக் கூறுகிறது.

இது அரசு வழங்கிய நிலம் பற்றிய தீர்ப்பு. எவருடைய சொந்தச் சொத்தையும் பறிக்க இது ஆதாரமாகாது. ஆயினும், சும்மா கிடக்கும் நிலத்தைக் கண்டு ஒரு கலீஃபாவின் உள்ளம் எவ்வாறு வேதனைப்பட்டது என்பதை இது காட்டுகிறது. நிலம் வைத்திருப்பவர் அதில் தாமே பயிரிடட்டும், இல்லையேல் தம் சகோதரருக்குக் கொடுத்துப் பயனடையச் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்களும் ஆர்வமூட்டியுள்ளார்கள். உடைமையை விடாமலே பயனை மட்டும் பிறருக்குக் கொடுக்கலாம் என்பது இதனால் விளங்குகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடியமர்த்துவதும் இத்தகையதே. அதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

உடைமையை மாற்றும் வாசல்கள்

உடைமையையே விட்டு விலக விரும்புவோருக்கு ஷரீஅத் பல வாசல்களைத் திறந்து வைத்துள்ளது. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு ஸஹாபியின் வரலாறு நிற்கிறது.

முதலாவது, விற்பனை. அபூராஃபிஉ (ரளி) அவர்களுக்கு மதீனாவில் ஸஃது பின் அபீவக்காஸ் (ரளி) அவர்களின் வளாகத்தில் இரண்டு அறைகள் இருந்தன. ஒருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தார். ஸஃதோ 4,000 திர்ஹம், அதுவும் தவணையில்தான் தர முடியும் என்றார்கள். அது குறைந்த விலை. இருந்தும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் செவியுற்றிருப்பதாகக் கூறி, அபூராஃபிஉ அவற்றை ஸஃதுக்கே கொடுத்துவிட்டார்கள். வேண்டாத சொத்தை விற்பதிலும் அண்டை வீட்டாரையும் பங்காளியையும் முதலில் கேட்பது நம் மரபு.

இரண்டாவது, ஹிபா எனும் அன்பளிப்பு. கொடுப்பதாகக் கூறுதல், பெறுபவர் ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். அபூபக்ர் (ரளி) அவர்கள் தம் மகளார் ஆயிஷா (ரளி) அவர்களுக்கு 20 வஸ்க் பேரீச்சம்பழ மகசூலை அன்பளிப்பாகக் கூறியிருந்தார்கள். ஆயிஷா அதைக் கைப்பற்றவில்லை. மரண வேளை நெருங்கியதும் தந்தை மகளை அழைத்து, நீ அதைக் கைப்பற்றியிருந்தால் உன்னுடையதாகியிருக்கும், இன்றோ அது வாரிசுகளின் சொத்து என்று கூறி, அல்லாஹ்வின் வேதப்படி பங்கிடச் சொன்னார்கள். பிறக்கவிருந்த குழந்தையைக் கூட அப்பங்கில் சேர்த்துச் சொன்னார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது உள்ளது. பேச்சளவில் கொடுத்து, கையளவில் கொடுக்காதது அன்பளிப்பாகாது!

நாட்டுச் சட்டத்திலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 129-ஆம் பிரிவு, முஸ்லிம் சட்டத்தின் ஹிபாவுக்கு விலக்கு அளித்துள்ளது. வாய்மொழி ஹிபா செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. எனினும், பிற்காலச் சண்டைகளைத் தவிர்க்க எழுதிப் பதிவு செய்வதே அறிவுடைமை. ஹனஃபி மத்ஹபின்படி, பிரிக்கத்தக்க சொத்தில் பிரிக்கப்படாத பங்கை ஹிபா செய்வது முழுமை பெறாது. முதலில் பாகப் பிரிவினை, பிறகே ஹிபா. அன்றியும், பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு அழைத்த பஷீர் (ரளி) அவர்களிடம், பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு கூறி நபி (ஸல்) அவர்கள் சாட்சியாக இருக்க மறுத்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

மூன்றாவது, ‘தகாருஜ்’. ஒரு வாரிசு ஏதேனும் ஈட்டைப் பெற்றுக்கொண்டு தம் பங்கிலிருந்து விலகிக் கொள்வதற்கு இப்பெயர். இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று எழுதப்படுவதன் மார்க்க வடிவம் இது எனலாம். இதற்கு ஹனஃபி நூல்கள் காட்டும் சான்று, உஸ்மான் (ரளி) அவர்களின் ஆட்சிக்காலத்து நிகழ்ச்சியாகும். செல்வந்தரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரளி) அவர்கள் நான்கு மனைவியரை விட்டு மறைந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் மனைவியர் நால்வருக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. ஒருவருக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அவர்களில் துமாளிர் (ரளி) அவர்கள் தம் பங்கிலிருந்து விலக, மற்ற வாரிசுகள் சமாதான உடன்படிக்கை செய்து எண்பதாயிரம் அளவிலான பெருந்தொகையைக் கொடுத்தனர்.

சகோதரர்களே! இதை நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு பெண்ணின் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு ஸஹாபாக்களின் சமூகம் எண்பதாயிரத்தை எண்ணி வைத்தது. நாமோ, ஒரு புடவையும் பேருந்துச் செலவும் கொடுத்துச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறோம்! கையொப்பமிட மறுத்தால் பிறந்த வீட்டு உறவே அறுந்துவிடும் என்ற அச்சத்தில் அவள் கையொப்பமிடுகிறாள். மனப்பொருத்தமின்றிப் பெற்ற ஒரு முஸ்லிமின் பொருள் ஹலால் ஆகாது என்ற நபிமொழியின் முன் அந்தப் பத்திரம் எப்படி நிற்கும்?

நான்காவது, வஸிய்யத் எனும் மரண சாசனம். விடைபெறும் ஹஜ்ஜின்போது நோயுற்ற ஸஃது பின் அபீவக்காஸ் (ரளி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. பாதியைக் கேட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை. மூன்றில் ஒன்று, அதுவும் அதிகமே என்று கூறி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். எவருமே வாரிசு இல்லாதவரின் சொத்து அக்காலத்தில் பைத்துல்மாலுக்குச் சென்றது. இன்று நம் நாட்டில் அரசியல் சாசனத்தின் 296-ஆவது பிரிவுப்படி அரசைச் சேர்கிறது. அங்கும் கூட உடைமை அந்தரத்தில் விடப்படுவதில்லை.

வக்ஃபு: விரும்பியதா, வேண்டாததா?

ஐந்தாவது வாசல் வக்ஃபு. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டின் கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரளி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடத் தமக்கு விருப்பமான செல்வம் எதுவும் கிடைத்ததில்லை என்று கூறி, என்ன செய்யலாம் என நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அசலை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. விற்கக்கூடாது, அன்பளிப்புச் செய்யக்கூடாது, வாரிசுச் சொத்தாகக் கூடாது என்று நிபந்தனை விதித்து, ஏழைகள், உறவினர்கள், அடிமைகளின் விடுதலை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கென அதனை ஒதுக்கினார்கள் உமர் (ரளி).

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வக்ஃபின் மூலமாக விளங்கும் இந்நிலம் உமருக்கு வேண்டாத நிலமன்று. மிக வேண்டிய நிலம்! அபூதல்ஹா (ரளி) அவர்களும் அவ்வாறே. விரும்புவதிலிருந்து செலவிடாத வரை நன்மையை அடைய முடியாது என்ற ஆலஇம்ரான் 92-ஆம் வசனம் இறங்கியதும், மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரே இருந்த, நபி (ஸல்) அவர்கள் சென்று நீரருந்தும் ‘பைருஹா’ தோட்டத்தையே கொடுத்தார்கள். அதை உறவினர்களுக்குப் பங்கிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதற்கு மறுபுறமாக, கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்று அல்-பகரா 267-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

இவ்வசனத்தின் உண்மையை நம் நாட்டின் அண்மை வரலாறும் மெய்ப்பித்தது. 1951 ஏப்ரல் 18 அன்று, தெலங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில், நிலமற்ற ஏழைகளுக்காக வினோபா பாவே நிலம் கேட்டபோது ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார் 100 ஏக்கர் தர முன்வந்தார். அதிலிருந்து பூதான இயக்கம் பிறந்தது. வினோபா நம் தமிழகத்திலும் கால்நடையாக வந்தார். பூதான நிலங்களை நிர்வகிக்க இங்கே 1958-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நாடெங்கும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது. உள்ளம் உவந்து நல்ல நிலம் தந்தோர் பலர். ஆனால், பாறையையும் களரையும், வழக்கில் சிக்கியதையும் எழுதிக் கொடுத்தோரும் இருந்தனர். ஆகவே அதில் ஒரு பெரும் பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேராமலே காகிதத்தில் தங்கிவிட்டது. வேண்டாததை ஒதுக்கியவர் தானம் செய்தோம் என்று நிம்மதி அடைந்தார்; பெற்றவர் கையில் வழக்குக் கட்டு மிஞ்சியது.

நம் பள்ளிவாசல்களுக்கும் இதே நிலை வரலாமா? வக்ஃபு செய்பவர் அச்சொத்தின் முழு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது ஷரீஅத்தின் முதல் நிபந்தனை. பிறருடைய பங்கை வக்ஃபு செய்தால் அது வக்ஃபாகாது. பெண் மக்களை விலக்குவதற்காக வக்ஃபைக் கருவியாக்கும் தந்திரம் முற்காலத்திலேயே தலைதூக்கியது. அத்தகைய வக்ஃபுகளை ரத்துச் செய்யும் எண்ணத்துடனேயே கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மறைந்தார்கள் என்று மாலிகி மத்ஹபின் மூல நூலான முதவ்வனா கூறுகிறது.

2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தின் சில பிரிவுகள் மீது நம் சமுதாயத்திற்குக் கடுமையான ஆட்சேபங்கள் உண்டு. வழக்கும் தொடரப்பட்டது. ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஆனால், எழுத்து மூலமான வக்ஃபுப் பத்திரம் வேண்டும் என்றும், சந்ததிக்கான வக்ஃபின் மூலம் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை பறிபோகக்கூடாது என்றும் அச்சட்டம் கூறும்போது, நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. பெண்ணின் பங்கைப் பேணும்படி நமக்கு ஒரு சட்டம் சொல்ல வேண்டியிருந்ததா? அன்னிஸா அத்தியாயம் அதனை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டதே!

ஏழில் ஒரு பங்கு

இனி, அந்த மூன்று சகோதரர்களிடம் வருவோம். “உங்களுக்குச் சகோதரி உண்டா?” என்று கேட்டேன். சற்று மௌனம். பிறகு, “ஒரு தங்கை இருக்கிறாள் ஹஜ்ரத். ஆரணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் எதுவும் கேட்டதில்லை” என்றார் மூத்தவர்.

கேட்டதில்லை என்பது விட்டுக் கொடுத்ததாகாது. மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் என்றால் சொத்து ஏழு பங்காகும். ஆண்களுக்குத் தலா இரண்டு, அவளுக்கு ஒன்று. அந்த ஏழில் ஒன்றைப் பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுக்க இம்மூவருக்கும் அதிகாரமில்லை. வாங்கிக்கொள்ள எங்கள் நிர்வாகத்திற்கும் அனுமதியில்லை. முதலில் அவரிடம் சென்று கேட்டு வருமாறு அனுப்பி வைத்தேன்.

மறு மாதம் அவர்கள் வந்தபோது தங்கையும் உடன் வந்திருந்தார். எட்டு ஆண்டுகளாக அந்த வீட்டைப் பற்றி அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாடகை வீட்டில் குடியிருக்கிறார். “அத்தா இருந்த வீடு ஹஜ்ரத். ஓடு மாற்றினால் நாங்களே இருந்து கொள்வோம். அண்ணன்மார் கேட்காமல் நானாக எப்படிக் கேட்பது?” என்றார்.

யாருக்கும் வேண்டாத வீடு என்று அவர்கள் கொண்டு வந்தார்கள். அதை வேண்டி நின்ற ஒருவர் அவர்களின் உடன்பிறந்தவராகவே இருந்தார்! அபூராஃபிஉ (ரளி) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். சகோதரர்கள் தங்கள் ஏழில் ஆறு பங்கைச் சந்தை விலையை விடக் குறைத்து, தவணையில் தங்கைக்கே விற்றுப் பதிவு செய்து கொடுத்தனர். பள்ளிவாசலுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு செங்கல்லும் வரவில்லை. அதுவே சரியாகவும் இருந்தது.

அன்பர்களே! உங்கள் பெட்டியிலும் இத்தகைய ஒரு தாய்ப்பத்திரம் இருக்கலாம். அதை விட்டு விலக எண்ணினால் வாரிசுகள் யார் யார் என்று முதலில் எண்ணுங்கள். அவர்களில் பெண்களை முதலில் கேளுங்கள். கடனும் வில்லங்கமும் இருந்தால் தீருங்கள். பிறகு விற்பதோ, கொடுப்பதோ, வக்ஃபு செய்வதோ உங்கள் விருப்பம். அல்லாஹ்வுக்கென்று கொடுப்பதாயின், நீங்கள் வாங்க விரும்பும் தரத்தில் உள்ளதைக் கொடுங்கள். வேலூரிலுள்ள நம் தாய்க் கலாசாலைக்கு ‘பாகியாத்துஸ் ஸாலிஹாத்’ என்று பெயர். நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது பொருள். நம் கையை விட்டுப் போன பின்னும் நமக்காக நிற்பவை அவையே. கையை உதறித் தள்ளிய சுமைகள் அல்ல.

பிறர் உரிமையில் ஒரு சாணும் நம் கழுத்தில் தொங்காத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.